ஐயமும் மெய்யுணர்வும்

திருச்சிற்றம்பலம்



சமயப் பொருளில் ஐயுறுதல் பாவம், முன்னோர் கொண்டதை அவ்வாறே கொண்டொழுகுதலே பத்தி, வினாவுதல் பணிவின்மை. இங்ஙனம் ஒரு கருத்து நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவருகின்றது. இஃது எவ்வாசிரியர் வாய்மொழி, எந்நூலின் துணிபு என்று வினவின் விடை கூறுவார் அரியர். வழங்கிவருகின்றது என்பதொன்றே அதற்குச் சான்றாக நிற்கின்றது. வழக்கமொன்றே சான்றாக நிற்குங் கருத்து ஆராயத்தக்கது ஆகலின், ஈண்டு அதனை நம் சந்தான நூல்களின் துணைகொண்டு ஆராய்வாம்.

ஆராய்ச்சிக்கு உடனடியான காரணமும் உண்டு. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் அடியேன் சித்தாந்தம் பேசச் சென்ற இடங்களிலெல்லாம் ஒன்று கண்டேன். அவையிலிருக்கும்பொழுது இளைஞர் வாய்திறவார். அவை கலைந்து, பெரியோர் எழுந்து சென்ற பின்னரே அணுகி வினவுவர். அவர் வினாக்களுள் அடிக்கடி வருவது இது: “ஆணவமலம் அநாதியே உயிரைப் பற்றியுள்ளது என்கின்றீர்கள். இறைவனும் அநாதியே உயிரோடு உடனாய் உள்ளான் என்கின்றீர்கள். பேரொளி உடனிருக்கவும் இருள் எங்ஙனம் உடனிருந்தது? பேரருளாளன் அதனை அன்றே ஏன் நீக்கினானில்லை?” இவ்வினாவைத் தம் இளமையில் வீட்டிலும் கோயிலிலும் கேட்டதாகவும், “அதிகப்பிரசங்கம் செய்யாதே, நீறிட்டுக் கும்பிட்டுப் போ” என்பதே தாம் பெற்ற விடை என்றும் ஒருவர் கூறினார். அவர் இப்பொழுது நீறிடுவதுமில்லை, கும்பிடுவதுமில்லை. அவரைப் புறத்தே தள்ளியது வினாவோ, விடையோ என்பதை அன்பர்கள் சிந்திக்க.

முதற்கண் நம் முதனூலை நோக்குவாம். சிவஞானபோதம் 12 சூத்திரங்களான் இயன்றது. மெய்கண்ட தேவநாயனார் அவற்றை 39 அதிகரணங்களாக வகுத்து, மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையால் நிறுவினார். எடுத்துக்காட்டு வெண்பாக்கள் 81. மேற்கோளைக் கூறி, ‘யாம் கூறினேம், நம்புக’ என்று அவர் நிறுத்தினாரல்லர். மேற்கோளின் பின்னர் உடனே ஏதுவை வைத்தார். ஏது எற்றுக்கு? ‘இஃது அவ்வாறாதல் எற்றாற் பெறுதும்?’ என்று கேட்பான் ஒருவன் எதிரில் உளன் என்று கொண்டமையாலன்றோ? கேட்பானை வாய்மூடச் செய்ய வேண்டுமென்பது அவர் கருத்தாயின் ஏதுவும் வேண்டா, எடுத்துக்காட்டும் வேண்டா.

இன்னும் நுணுகி நோக்குவார்க்கு அதிகரணம் என்னுஞ் சொல்லே போதும். அதிகரணத்திற்கு உறுப்பு ஐந்தென்ப. அவை விடயம், ஐயம், பூருவபக்கம், சித்தாந்தம், சங்கதி என்பன. ஆராய்தற்கு எடுத்துக்கொண்ட பொருள் விடயம். அதன்கண் இதுவோ அதுவோ என நிகழும் நிலை ஐயம். பிறர் கூறும் மறுதலை பூருவபக்கம். அதனைக் களைந்து நாட்டும் முடிந்த முடிபு சித்தாந்தம். முன்பின் இயைபு சங்கதி. நம் சமயத்திற்கு நாம் பெருமிதத்தோடு வழங்கும் பெயர் இவ்வைந்தனுள் நான்காவது நிற்கின்றது. இரண்டாவது நிற்பது ஐயம். இரண்டாம் படியை இடித்தெறிந்துவிட்டு நான்காம் படியில் ஏறி நிற்பேன் என்பான் எங்ஙனம் ஏறுவான்? ஐயமின்றிப் பெற்ற முடிபு பிறர் முடிபு. அது நம் கைக்கு வந்ததன்றி நம் கருத்துக்கு வந்ததன்று.

அருணந்தி சிவாசாரியர் அருளிய சிவஞானசித்தியார்ப் பரபக்கமும் இதனையே வலியுறுத்தும். உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் புறக்கொள்கை பதினான்கனையும் அங்கே நிரல்பட வைத்தார். கடவுளில்லை, காட்சியின் வேறு அளவையில்லை என்று கூறும் உலகாயதனைக் கடைசியில் ஒளித்துவைத்தாரல்லர்; முதல் இருக்கை அவனுக்கே தந்தார். அவன் கூறக்கூடியவற்றை அவன் வாயாற் கூறுவதினும் திறம்பட எடுத்துரைத்து, அதன்பின்னரே மறுத்தார். இக்காலத்தில் நாத்திகம் பேசுவானைக் கண்டு காதைப் பொத்திக்கொள்ளும் நாம், அப்பரபக்கத்தைப் பூசையறையில் வைத்துப் பூச்சாத்துகின்றோம். ஆசிரியர் அதனைத் தந்தது பூச்சாத்துதற்கன்று, பயிலுதற்கு.

அற்றேல், ஐயம் குற்றமென்று அளவையியலே கூறவில்லையோ எனின், கூறிற்று. சித்தியாரின் அளவையியலில் ஐயக்காட்சியும் திரிவுக்காட்சியும் மெய்க்காட்சியின் வேறாக வைத்துக் கழிக்கப்பட்டன. மங்கிய ஒளியில் நிற்பதொன்றைக் கண்டு குற்றியோ மகனோ எனத் தடுமாறுவது ஐயம். கிடக்குங் கயிற்றைப் பாம்பெனவே துணிவது திரிவு. இரண்டும் மெய்யுணர்வல்ல என்பது உண்மையே. ஆயின் இவ்விரண்டற்குந் தம்முள் வேறுபாடு பெரிது. ஐயுறுவான் தான் அறிந்திலன் என்பதை அறிவான். ஆகலின் அவன் விளக்கைத் தேடுவான், அணுகிப் பார்ப்பான், அறிந்தாரை வினவுவான். திரிபுற்றானோ தான் அறிந்துவிட்டதாகவே கொண்டான்; அவன் விளக்கைத் தேடான்; விளக்கைக் கொணர்வாரையும் வெகுள்வான். குற்றம் இரண்டனுள் மெய்க்கு அணித்தாய் நிற்பது ஐயமே. நாம் ஐயத்தைக் கண்டஞ்சித் திரிபைப் பத்தியென்று போற்றுவோமாயின், நோயை விட்டு மருந்தை வெறுத்தவராவோம்.

இவ்வேறுபாட்டை விளக்க நெடுந்தொலைவு செல்லல் வேண்டா. கொள்ளிடத்திற்கும் வெள்ளாற்றிற்கும் இடையே கிடக்கும் அரியலூர், பெரம்பலூர் நிலமே இரண்டு எடுத்துக்காட்டுத் தருகின்றது. இந்நிலம் பண்டொருகால் கடலாயிருந்தது. இன்று அரியலூர்ச் சிமிட்டி ஆலைகளுக்கு அகழ்ந்தெடுக்கும் சுண்ணாம்புக்கல், அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் படிவுகளும் இறுகியதேயாம். அதனால் உழுசாலிலும் ஓடைக்கரையிலும் கல்லாய்ப்போன சங்கும் சிப்பியும் இங்கே கிடைக்கின்றன.

2020ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் ஒரு குளத்தில் மண்ணெடுத்தபொழுது பெரிய உருண்டைக் கற்கள் பல வெளிப்பட்டன. அவை டைனோசர் என்னும் பேருருப் பண்டைவிலங்கின் முட்டைகள் என்ற பேச்சு ஒருநாளில் நாடெங்கும் பரந்தது. கண்டவரும் துணிந்தனர், காணாதவரும் துணிந்தனர். நிலவியலறிஞர் சென்று பார்த்து, அவை முட்டைகளல்ல, அம்மோனைட்டு என்னும் பண்டைக் கடலுயிரைச் சூழ்ந்து வண்டல் திரண்டிறுகிய உருண்டைகள் என்று தெளிவித்தனர். வடிவு ஒப்புமை ஒன்றே கண்டு துணிந்தமையின் முன்னையோர் கொண்டது திரிபு. பலர் கொண்டமையால் அது மெய்யாயிற்றில்லை.

அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டிலும் இங்ஙனம் ஒன்று நிகழ்ந்தது. அங்கே மிகப் பெரிய விலங்கொன்றின் எலும்புகள் எனச் சில கற்படிவங்கள் கண்டெடுக்கப்பட்டு, 1980களின் பிற்பகுதியில் அவ்விலங்கிற்குப் பெயருமிடப்பட்டது. முதலில் ஊனுண்ணும் விலங்கென்றனர். பின்னர்த் தழையுண்ணும் விலங்கென்றனர். இவை எலும்புதாமோ, அன்றிக் கல்லாய்ப்போன மரக்கட்டையோ என்றும் சிலர் ஐயுற்றனர். குற்றியோ மகனோ என்று நம் நூலோர் கூறிய உவமை கட்டையோ என்போ என இங்கே வேறுருவில் வந்தது. படிவங்கள் நொறுங்கியழிந்த பின்னரும் ஐயம் அழியவில்லை. அது பழைய நிழற்படங்களைத் தேடியெடுக்கச் செய்தது. 2022ஆம் ஆண்டில் அப்படங்கள் வெளியிடப்பெற்று, அவை எலும்பே என்பதற்குச் சான்று காட்டப்பட்டது. குன்னத்தில் துணிவு ஆராய்ச்சியை வேண்டாவெனத் தள்ளியது. கல்லமேட்டில் ஐயம் ஆராய்ச்சியை விடாது பற்றிக்கொண்டது. புறத்தே கிடக்குங் கல்லுக்கே இத்துணை வேண்டுமாயின், உயிர்க்குறுதியாகிய பொருளுக்கு வேண்டுவது எத்துணை?

இனி நம் அடியார் வரலாறுகளை நோக்குவாம். திருவாமூரில் தோன்றிய மருணீக்கியார், பெற்றோரை இழந்து, உலக நிலையாமையைக் கண்டு, அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் வைத்து அறம் பல செய்தும் உள்ளம் அமைதியுற்றிலர். எது மெய்ந்நெறி என்று சமயங்களை ஆராயப் புகுந்தார்; பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்து அந்நூல்களைத் துறைபோகக் கற்றுத் தருமசேனர் என்னுந் தலைமையும் பெற்றார். இவ்விடத்துச் சேக்கிழார் பெருமான் கூறும் முறை கூர்ந்துணரத்தக்கது. மருணீக்கியார் ஆராயப் புகுந்ததைக் குற்றமென்று அவர் கூறினாரல்லர். இறைவன் அருள் அப்பொழுது கூடாமையின் நன்னெறி தெரிந்திலர் என்றே கூறினார். தேடலைப் பழியாது, தேடலுக்கு அருளின் துணை வேண்டுமென்பதை உணர்த்தினார். சூலைநோய் வருத்தத் திருவதிகையில் தமக்கையார் திருவடி சேர்ந்து மீண்ட அப்பெரியார், வெள்ளாற்றங்கரைப் பெண்ணாகடத்துத் தூங்கானைமாடத்தில், பிறநெறியோடு இயைந்திருந்த இவ்வுடம்பில் உன் இலச்சினை பொறித்தருள் என்று வேண்டிச் சூலமும் இடபமும் தோளிற் பெற்றார். வினாவிய உள்ளம் விடைகண்ட பின்னர் எத்துணை உறுதியுடையதாகின்றது என்பதற்கு அவ்விலச்சினையே சான்று. ஐயுறாதார் ஒருவர் அத்துணை வேட்கையோடு இலச்சினை வேண்டியிரார்.

சாக்கிய நாயனார் வரலாறு இன்னும் நுட்பமுடைத்து. சங்கமங்கையிற் பிறந்து, பிறவியறுக்கும் வழி யாதென்று தேடிக் காஞ்சியை அடைந்து, சாக்கிய சமயத்தைச் சார்ந்தார். சார்ந்தபின்னும் ஆராய்ச்சியை நிறுத்தினாரல்லர். வினையும், அதனைச் செய்வானும், அதன் பயனும், அப்பயனைக் கொடுப்பானும் என நான்கு வேண்டுமன்றோ என்று எண்ணினார். கொடுப்பான் ஒருவனைச் சிவநெறியன்றிப் பிறநெறி கொள்ளாமை கண்டு, சிவமே பொருளெனத் துணிந்தார். எனினும் உடுத்திருந்த துவராடையை நீக்கினாரல்லர். எக்கோலங் கொண்டிருப்பினும் சிவன்தாளை மறவாமையே பொருள் என்பது அவர் தெளிவு. நாடோறும் சிவலிங்கத்தின்மேல் ஒரு கல்லெறிந்தே வழிபட்டார், அக்கல்லும் மலராயிற்று. காண்பார் கண்ணுக்கு அவர் புறச்சமயி. அவர் செயல் சிவாபராதம். இறைவனோ அவரைத் தன்னடியாருள் வைத்தான். கோலத்தைக் கண்டு துணிதலும் திரிபுக்காட்சியே என்பதை இவ்வரலாற்றினுந் தெளிவாக உணர்த்துவது பிறிதில்லை.

மருணீக்கியார் இலச்சினை பெற்ற பெண்ணாகடமே மெய்கண்டாரின் தந்தையார் அச்சுத களப்பாளரின் ஊருமாம். அக்குடிக்குக் குருவாயிருந்தவர் திருத்துறையூர்ச் சகலாகம பண்டிதர். குருமரபினர், முதியர், ஆகமமனைத்துங் கற்றவர். தம் மாணாக்கர் வீட்டுக் குழந்தை திருவெண்ணெய்நல்லூரில் இருந்து ஞானம் போதிக்கின்றது என்று கேட்டுச் சென்று, ஆணவமாவது யாது என்று வினவினார். மெய்கண்டார் வாய்திறவாது, நின்ற அவரைத் தலைமுதல் அடிகாறும் நோக்கினார் என்பது வரலாறு. வினாவின் விடை வினவினவரே. அவ்விடத்தே பண்டிதருக்கு இரண்டு வழிகள் இருந்தன. முதியோன் கற்பிப்பான், இளையோன் கற்பான். குருமரபினன் உபதேசிப்பான், ஏனையோன் கேட்பான் என்னும் வழக்கத்தைப் பற்றிக்கொண்டு சினந்து திரும்பியிருக்கலாம். அன்றி, வாழ்நாள் முழுதும் ஐயமின்றிக் கொண்டிருந்த அவ்வழக்கம் மெய்யோ என்று தம்மைத்தாமே வினவியிருக்கலாம். அவர் பின்னதைச் செய்து, அடியில் வீழ்ந்து அருணந்தியாயினார். அவ்வொரு கணத்தில் அவர் துணிந்திலரேல் நமக்குச் சித்தியாரும் இல்லை.

உமாபதி சிவாசாரியர் தில்லைவாழ் அந்தணர். பகற்பொழுதில் பந்தத்தோடு சிவிகையூர்ந்து சென்ற அவரை நோக்கி, பட்டமரத்தின்மேற் பகற்குருடு செல்கின்றது என்னும் பொருள்பட மறைஞானசம்பந்தர் கூறினார். கேட்டவர் வெகுளாது, இச்சிவிகை யாது, இப்பந்தம் எற்றுக்கு என்று ஒருகணம் எண்ணினார், இறங்கினார். அவ்வாசிரியர் கையினின்று ஒழுகிய கூழைப் பிரசாதமெனக் கொண்டமையால் தம்மவரால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் வதிந்தார். மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் எட்டு அவ்விலக்கப்பட்டவர் அருளியவை. அவற்றுளொன்றாகிய சங்கற்பநிராகரணம் சகம் 1235, அஃதாவது கி.பி. 1313இல் எழுந்தது. தம்முடைய சிவப்பிரகாசத்துப் பாயிரத்திலேயே அவர், பழமை ஒன்றனால் நூல் நன்றாகிவிடாது, புதுமை ஒன்றனால் தீதாகிவிடாது என்றும், தமக்கென ஆராய்ச்சியில்லாதாரே பலர் புகழப் புகழ்ந்து பிறர் இகழ இகழ்வர் என்றும் கருத்துரைத்தார். வழக்கத்தை ஆராய்தற்கு விலையாகத் தம் ஊரையும் உறவையும் கொடுத்தவர் வாக்கு இது.

இனி, முன்னர்க் கூறிய இளைஞரின் வினாவுக்கு வருவாம். ஒளியும் இருளும் ஓரிடத்து நிற்குமாறு எங்ஙனம்? இதனை அதிகப்பிரசங்கம் என்று தள்ளினோர், உமாபதி சிவாசாரியரின் வினாவெண்பாவைப் படித்திலர் போலும். அந்நூல் 13 வெண்பாக்களாலாயது. தம் ஆசிரியர் மறைஞானசம்பந்தரை நோக்கி வினாவும் வினாக்களே அதன் உடல். அதன் முதல் வினாவே இது! சந்தானகுரவர் ஒருவர் தம் குருவின் முன் எழுப்பிய வினாவை, அரியலூர்ப் பக்கத்து இளைஞரொருவர் நூலறியாமலே தாமாக எழுப்பியிருக்கின்றார். அவர் பெற்றிருக்க வேண்டியது பாராட்டு, பெற்றதோ அதட்டு. அருணந்தியார் அருளிய இருபாஇருபஃதும் மெய்கண்டாரை நோக்கிய வினாக்களானே அமைந்தது. திருவதிகை மனவாசகங்கடந்தாரின் உண்மைவிளக்கமும் மாணாக்கர் வினவ ஆசிரியர் விடுப்பதாக நடப்பது. பதினான்கு சாத்திரத்துள் மூன்று, வினாவையே உடலாகக் கொண்டன. வினாவுதல் பணிவின்மையாயின் இம்மூன்றையும் நாம் எங்கே வைப்பது?

அவ்வினாவிற்கு நூல்வழி விடை சுருக்கமாக இது. கதிரவன் ஒளி எங்கும் நிறைந்திருப்பினும் படலம் மூடிய கண்ணுக்கு அவ்வொளியினிடையேயும் இருளே. அக்கண் அவ்வொளியின் நடுவிலேயே உள்ளது. ஒளி அதற்குச் சேய்மையன்று. ஒளிக்குக் குறையில்லை, படலம் முதிர்ந்து உரிக்கும் பக்குவம் எய்தவேண்டும். பக்குவமெய்தாமுன் உரிப்பின் கண்ணே கெடும். ஆகலின் இறைவன் உடலும் கருவியும் உலகும் போகமும் தந்து, வினையை நுகர்வித்து, மலத்தைப் பக்குவப்படுத்துகின்றான். அவன் வாளாவிருந்தானல்லன், அன்றுதொட்டு இன்றுகாறும் அப்படலத்தின்மீதே தொழில் புரிகின்றான். இவ்விடையும் ஓர் இளைஞருக்கு நிறைவு தராதிருக்கலாம். தராதாயின் அவர் மீண்டும் வினவுக. நாம் மீண்டும் விடை கூறுவாம். அவ்வுரையாடல் நடக்குங்காறும் அவர் நம் அவையினரே.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு கல்மரம் கிடக்கின்றது. 18 மீட்டர் நீளமுடையது. 1940ஆம் ஆண்டில் நிலவியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதனை உலகறியச் செய்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதனைப் பூங்காவாகக் காத்துவருகின்றது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகட்கு முன் கடலடி வண்டலிற் புதையுண்ட அம்மரத்தில், மரத்தின் அணுவொவ்வொன்றும் கரையக் கரைய, நீரிற் கலந்த மணற்சத்து அவ்வவ்விடத்தே புகுந்து உறைந்தது. அடிமரத்தின் திரட்சி அப்படியே உளது. உள்ளமைப்பும் அப்படியே உளது. மரம் மாத்திரம் இல்லை. அதில் நீரேறாது, தளிர்வாராது, ஒரு பறவைக்கு நிழலுந்தாராது.

ஆராயாது கொண்ட நம்பிக்கைக்கு இதனினும் பொருந்திய உவமை யான் அறியேன். நீறும் உண்டு, கண்டிகையும் உண்டு, ஓதுமுறையும் உண்டு. வடிவத்தில் ஓர் அணுவும் குறையவில்லை. உள்ளே ஓடிய சாறு எங்கே? தந்தையார் அறிந்து கொண்டதை மகன் அறியாது கொண்டான். அவன் அறியாது கொண்டதை அவன் மகன் அஞ்சிக் கொண்டான். அவன் மகன் இப்பொழுது எதற்கென்று கேட்கின்றான். அக்கேள்வியையே சாறு மீண்டும் ஏறத் தொடங்கும் குறியாகக் கொள்க.

ஈண்டு மற்றொரு பக்கமும் கூறாவிடின் நடுநிலை பிழைக்கும். கல்லாயிற்று என்று கூறி அம்மரத்தை உடைத்தெறிவான் அறிவுடையனல்லன். அது கல்லாய்க் கிடந்தமையாலன்றோ, பண்டு இங்கே காடிருந்தது, கடலிருந்தது என்று நாம் அறிந்தோம்? பொருளறியாது ஒருவன் காத்த வடிவம், பொருளறிவான் ஒருவன் வருங்காறும் சான்றாய் நிற்கும். பதிகப் பொருள் முழுதுமுணராது பண்ணோடு ஓதிக் காத்தவராலேயே அவை நம் காதுக்கு எட்டின. ஆகலின் மரபைக் காப்பாரை வினவுவார் இகழற்க. வினவுவாரை மரபைக் காப்பார் வெருட்டற்க. ஒருவரிடம் வடிவும் ஒருவரிடம் வேட்கையும் உள. இரண்டும் கூடுமிடத்தே சமயம் உயிர்பெறும்.

எவ்வினாவும் மெய்ந்நாட்டத்தினின்று எழுவதன்று என்பதூஉம் உண்மை. வெல்லுதற்கு வினவுவாரும் உளர். விடையை வேண்டாதே வினவுவாரும் உளர். மெய்வினாவிற்கு மூன்று குறிகள் கூறலாம். முதலாவது, அது வினவுவானையும் விட்டுவைக்காது. பிறர் நம்பிக்கையை மாத்திரம் சோதித்துத் தன் கருத்தைச் சோதியாதுவிடுவது வினாவன்று, வழக்காடல். ஆணவம் யாதென்ற பண்டிதர் தம்மையே விடையாகக் கண்டது இதற்கு அளவுகோல். இரண்டாவது, அது விடை கேட்டற்குக் காத்திருக்கும். வினவிவிட்டு எழுந்து செல்வான் ஐயமுடையானல்லன். அவன் முன்னமே துணிந்துவிட்டான். மூன்றாவது, விடை மெய்யெனக் கண்டபின் அதற்குரிய விலையைக் கொடுக்கும். உமாபதியார் சிவிகையைக் கொடுத்தார், ஊரைக் கொடுத்தார். விலைகொடுக்க ஒருப்படாதானது ஐயம் அவன் வாழ்நாள் முழுதும் அவனுக்கு ஒரு பொழுதுபோக்காகவே கழியும்.

நம்பிக்கையில்லேன் என்று பெருமை பேசுவார்க்கும் இம்மூன்று குறிகளே உரைகல். கடவுளுண்டு என்பதைக் கேட்டபடி கொண்டான் ஒருவன். இல்லை என்பதைக் கேட்டபடி கொண்டான் மற்றொருவன். இருவரும் ஆராய்ந்திலர். இருவருள் ஒருவன் கோயிற்குச் செல்கின்றான், ஒருவன் செல்லவில்லை என்பதல்லது, அறிவின் நிலையில் வேறுபாடில்லை.

வினாவுக்கு முடிவுண்டோ எனின், உண்டு. கருவிகளால் அறியப்படுவது அழியும் பொருள். எவ்வாற்றானும் அறியப்படாதது இல்பொருள். சிவம் இவ்விரண்டுமன்று என்று சிவஞானபோதத்து ஆறாஞ் சூத்திரம் நிறுவும். பாசஞானத்தாலும் பசுஞானத்தாலும் உணரப்படாத அதனைப் பதிஞானத்தாலே தன்னுள்ளே நாடுக என்று ஒன்பதாஞ் சூத்திரம் உணர்த்தும். ஆகவே தருக்கம் வாயில்வரை வந்து நிற்கும்; உள்ளே புகுவது அனுபவம். வாயில்வரை கொண்டுவிடுவது தருக்கத்தின் கடன். அங்கே நின்றுவிடுவது அதன் பணிவு. உள்ளே புகுந்தார்க்கு வினாவில்லை. புகாதார், புகுந்தாரைப்போல வினாவின்றி இருப்பது பொய்ம்மையாம். குழந்தையின் மௌனமும் ஞானியின் மௌனமும் ஒன்றல்ல. இரண்டற்கும் இடையே நீண்டதொரு வழியுண்டு. அவ்வழி முழுதும் வினாவினால் இயன்றது.

இறுதியாக, ஆதீனங்களிலும் சித்தாந்த வகுப்புகளிலும் பொறுப்பேற்றுள்ள பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். பாடஞ்சொல்லும் நாழிகையில் நான்கிலொரு பங்கு மாணாக்கரின் வினாவுக்கென ஒதுக்குக. வினாவெண்பாவையும் இருபாஇருபஃதையும் கடைசியிற் படிக்குஞ் சிறுநூல்களாக வைக்காது, முதலிற் படிக்கும் நூல்களாக வைக்குக. ஆசிரியன்மார் எங்ஙனம் வினவினர் என்பதை மாணாக்கர் முதற்கண் அறிவாராக. விடை தெரியாவிடத்து, ‘நாளை நூல்பார்த்துக் கூறுவேன்’ என்று கூறுதல் ஆசிரியர்க்கு இழுக்கன்று. அறியாததை அறிந்ததாகக் காட்டி அதட்டுவதே இழுக்கு. ஏனெனில் அவ்வதட்டோடு ஓருயிர் நம் வாயிலை விட்டு நீங்குகின்றது. நீங்கிய அவ்விளைஞர் இன்றும் பெரம்பலூர்ச் சாலையில் யாதொரு கோயிலையும் நோக்காது சென்றுகொண்டிருப்பார். அவருடைய வினா இன்னும் அவருள் இருக்கின்றது. அதற்கு விடைகூறும் கடன் நம்முடையது.

மெய்கண்டார் வழி நின்று, வினவுவாரும் விடுப்பாரும் ஒருங்கே மெய்யுணர்வெய்தத் தில்லைக்கூத்தன் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்